சி நிரம்பி வழிகிறது, டி காலியாகக் கிடக்கிறது

‘திஸ் பிசி’ பக்கத்தைத் திறந்தால் சி டிரைவின் பட்டை சிவந்திருக்கிறது. நூறு ஜிபியில் இரண்டு ஜிபிகூட மிச்சமில்லை. அப்டேட் பாதியில் நிற்கிறது, பிரவுசர் திணறுகிறது. அதற்கு நேர் பக்கத்தில் டி டிரைவில் முந்நூறு ஜிபி தொடப்படாமல் கிடக்கிறது. இரண்டும் இருப்பது ஒரே வன்தட்டில்தான். கணினி பழுதுபார்க்கும் கடைகளுக்கு வரும் புகார்களில் இது மிகப் பழையது, இன்னும் ஓயாதது.

ஒரே தட்டை எதற்காகத் துண்டு போடுகிறோம், எத்தனை துண்டு போடலாம், போட்டதைப் பிறகு மாற்ற முடியுமா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது. பார்ட்டிஷன் என்ற ஏற்பாடு நாற்பது ஆண்டுகளாக ஒரே வேலையைச் செய்துகொண்டிருக்கவில்லை என்பதே இதற்குக் காரணம். பல இயங்குதளங்களுக்கு இடம் ஒதுக்கத்தான் அது முதலில் வந்தது. பிறகு கோப்பு முறைமைகளின் கொள்ளளவுக் குறையைச் சமாளிக்க உதவியது. விண்டோஸை அடிக்கடி அழித்துவிட்டு மறுபடி ஏற்றிய காலத்தில் படங்களையும் பாட்டுகளையும் காப்பாற்றும் உத்தியாக இருந்தது. இன்று பெரும்பாலும் இயங்குதளமே தன் தேவைக்குத் தட்டைப் பிரித்துக்கொள்கிறது. காரணங்கள் ஒவ்வொன்றாகக் காலாவதியாகியும் பழக்கம் மட்டும் போகவில்லை. ஐந்து ஆண்டு கழித்து எதற்கு எவ்வளவு இடம் வேண்டியிருக்கும் என்பதை, கணினி வாங்கிய அன்றே ஊகித்துக் கோடு போடுகிறோம். அந்த ஊகம் பெரும்பாலும் பொய்த்துப்போகிறது. ஆகவே கோடுகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்பதே என் கட்சி.

கதை 1983 மார்ச்சில் தொடங்குகிறது. ஐபிஎம் வெளியிட்ட பிசி எக்ஸ்டி கணினியில் 10 எம்பி வன்தட்டு இருந்தது. அதனோடு வந்த பிசி டாஸ் 2.0இல் எஃப்டிஸ்க் என்றொரு சிறு நிரலும் சேர்ந்திருந்தது. கைபேசியில் எடுக்கும் நான்கைந்து படங்களுக்கே போதாத அந்த இடத்தை ஏன் பிரிக்க வேண்டும்? டாஸ்தான் வெல்லும் என்று அன்று யாருக்கும் உறுதியில்லை. சிபிஎம்-86, யுனிக்ஸ் வழிவந்த ஸீனிக்ஸ் என வேறு இயங்குதளங்களும் களத்தில் இருந்தன. ஒன்றின் எல்லைக்குள் இன்னொன்று கால்வைக்காமல் எல்லாம் ஒரே தட்டில் இருக்க ஒரு வழி தேவைப்பட்டது.

அந்த வழி தட்டின் முதல் செக்டாரில் எழுதப்பட்டது. அதில் இருப்பது 512 பைட். முதல் 446 பைட்டில் கணினியைத் துவக்கும் நிரல் இருக்கும். அடுத்த 64 பைட்டில் பார்ட்டிஷன் அட்டவணை. கடைசி இரண்டு பைட்டில் இது செல்லுபடியாகும் செக்டார் என்று காட்டும் ஒரு குறி. அட்டவணையில் நான்கே வரிகள், வரிக்கு 16 பைட். இதிலிருந்து துவங்க வேண்டுமா, இது எந்த வகைப் பார்ட்டிஷன், எந்த செக்டாரில் தொடங்குகிறது, எத்தனை செக்டார் நீள்கிறது என்ற விவரங்கள் ஒவ்வொரு வரியிலும் இருக்கும். எம்பிஆர் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்த அமைப்பில் நான்கு முதன்மைப் பார்ட்டிஷன்களுக்கு மேல் கிடையாது என்ற வரம்பு இந்த 64 பைட்டிலிருந்து வந்ததுதான்.

மொத்தப் பிரிவினையும் அவ்வளவுதான். தட்டின் பரப்பில் எங்கும் வேலி கிடையாது. ஒரு நிலத்தை நான்கு உட்பிரிவுகளாகப் பட்டாவில் பதிந்துவிட்டால் மண்ணில் சுவர் முளைத்துவிடாது, இதுவும் அப்படித்தான். பார்ட்டிஷனை அழித்தால் அட்டவணையில் ஒரு வரி போகிறது, உள்ளே இருந்த கோப்புகள் அந்த நொடியே தட்டிலிருந்து மறைந்துவிடுவதில்லை. மறுபக்கம், தட்டு பழுதானால் சி, டி, இ எல்லாம் ஒன்றாகவே போகும். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று குடும்பப் படங்களின் நகலை டியில் போட்டுவைப்பவர்கள் பலர். சியில் ஒன்று, டியில் ஒன்று என்று வைத்திருப்பது காப்பு நகலே அல்ல. வன்தட்டின் மோட்டார் நின்றுபோனால் இரண்டு நகலும் ஒரே நேரத்தில் போய்விடும்.

எண்பதுகளின் நடுவில் பிரிவினைக்கான காரணம் மாறியது. டாஸின் தொடக்கப் பதிப்புகளால் 32 எம்பிக்கு மேற்பட்ட பார்ட்டிஷனைக் கையாள முடியவில்லை. 40 எம்பி தட்டு வாங்கியவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அதை இரண்டாக்கியே ஆக வேண்டும். 1987இல் வந்த டாஸ் 3.3, நான்கு வரிகளில் ஒன்றை ‘எக்ஸ்டெண்டட்’ ஆக்கி, அதற்குள் பல ‘லாஜிக்கல்’ டிரைவ்களை அடுக்க வழிசெய்தது. அடுத்த ஆண்டு டாஸ் 4.0 அந்த 32 எம்பி வரம்பைத் தளர்த்தியதும் சிக்கல் வேறு இடத்தில் முளைத்தது. ஃபேட்16 கோப்பு முறைமையால் ஏறக்குறைய 65,000 கிளஸ்டர்களை மட்டுமே எண்ண முடியும். கிளஸ்டர் என்பது கோப்புக்கு ஒதுக்கப்படும் மிகச் சிறிய இடம். தட்டு பெரிதாகப் பெரிதாக ஒவ்வொரு கிளஸ்டரும் பெருக்க வேண்டியதாயிற்று. 2 ஜிபி பார்ட்டிஷனில் ஒரு கிளஸ்டர் 32 கேபி. ஒரு கேபி கடிதம் ஒன்றைச் சேமித்தாலும் 32 கேபி போய்விடும். பத்தாயிரம் கோப்புகளில் சராசரியாக அரைக் கிளஸ்டர் வீணானால் 160 எம்பி நட்டம். 2 ஜிபி விலையுயர்ந்த பொருளாக இருந்த நாளில் அது பெரிய தொகை. அதே தட்டை நான்காகப் பிரித்தால் கிளஸ்டர் 8 கேபியாகச் சுருங்கும், வீணாவதும் நான்கில் ஒரு பங்காகக் குறையும். அன்று பார்ட்டிஷன் போட்டவர்கள் கணக்குப் போட்டுத்தான் போட்டார்கள்.

1996இல் விண்டோஸ் 95இன் திருத்தப் பதிப்போடு ஃபேட்32 வந்தது. விண்டோஸ் என்டியோடு 1993இலேயே பிறந்த என்டிஎஃப்எஸ், 2001இல் எக்ஸ்பி வழியாக வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. கிளஸ்டர் கணக்கு அதோடு பொருளிழந்தது.

ஆனால் நம் ஊரில் பார்ட்டிஷனின் பொற்காலம் தொடங்கியது அப்போதுதான். சென்னை ரிச்சி தெருவில் உதிரிபாகம் வாங்கி அசெம்பிள் செய்த கணினிகளின் காலம் அது. 40 ஜிபி தட்டு என்றால் சி, டி, இ, எஃப் என்று தலா பத்து ஜிபி. 80 ஜிபி என்றால் தலா இருபது. டிக்கு ‘சாங்ஸ்’, இக்கு ‘மூவிஸ்’, எஃபுக்கு ‘சாஃப்ட்வேர்ஸ்’ என்று பெயர். கடைக்காரரிடம் கேட்டால் சொல்வதற்கு ஒரு காரணமும் இருந்தது. எக்ஸ்பியை ஆறு மாதத்துக்கொரு முறையாவது ஃபார்மட் அடித்துப் புதிதாக ஏற்ற வேண்டியிருந்தது. சியை மட்டும் அழித்தால் மற்ற டிரைவ்களில் உள்ளவை தப்பிக்கும். நியாயமான காரணம்தான், மறுக்க முடியாது.

அந்த நியாயத்தை ஓட்டையாக்கியவை பென்டிரைவ் வழியாகப் பரவிய ஆட்டோரன் வைரஸ்கள். ஃபோல்டர் போலவே சின்னம் வைத்துக்கொண்டு ‘நியூ ஃபோல்டர்’ என்ற பெயரில் உட்கார்ந்திருக்கும் நிரல்களைப் பார்க்காத பிரவுசிங் சென்டர் அன்று இருந்திருக்காது. இவை சியோடு நிற்கவில்லை. ஒவ்வொரு டிரைவின் முதல் படியிலும் தன்னை ஒரு நகலெடுத்து, அதை இயக்கச் சொல்லும் ‘ஆட்டோரன்’ கோப்பையும் போட்டுவைக்கும். சியை ஃபார்மட் அடித்துப் புத்தம் புதிதாக எக்ஸ்பி ஏற்றி முடித்து, பாட்டுக் கேட்கலாம் என்று டியை இரட்டைச் சொடுக்கினால், அந்தச் சொடுக்கிலேயே வைரஸ் சிக்குத் திரும்பிவிடும். கோப்புகளைக் காப்பாற்றுவதற்குப் போட்ட பார்ட்டிஷன் வைரஸையும் பத்திரமாகக் காப்பாற்றிக் கொடுத்தது. ‘ஃபார்மட் போட்டும் வைரஸ் போகலையே சார்’ என்ற புலம்பலுக்குப் பின்னால் பல நேரம் இருந்தது இதுதான்.

இன்னொரு ஓட்டை பயனரின் பழக்கத்தில் இருந்தது, இன்றும் இருக்கிறது. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் ஆகிய மூன்றும் இயல்பாக சியில்தான் இருக்கும். டி என்று ஒன்றைப் பிரித்துவைத்துவிட்டு, ஆதார் நகல் முதல் கல்யாண ஆல்பம் வரை டெஸ்க்டாப்பிலேயே போட்டுவைப்பவருக்கு அந்த டியால் ஒரு பயனும் இல்லை. அந்த ஃபோல்டரின் மேல் வலது சொடுக்கி, ‘ப்ராப்பர்ட்டீஸ்’ போய், ‘லொக்கேஷன்’ பக்கத்தில் டியில் ஓர் இடத்தைக் காட்டினால் உள்ளே இருப்பவை எல்லாம் அங்கே நகர்ந்துவிடும். அதற்குப் பிறகு பயனர் பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. பார்ட்டிஷன் போட்டுக் கொடுப்பவர்களில் இதையும் செய்துகொடுப்பவர்கள் மிகக் குறைவு.

2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், கோப்புகளை வைத்துக்கொண்டே இயங்குதளத்தை மட்டும் புதுப்பிக்கும் வசதி விண்டோஸுக்குள்ளேயே வந்துவிட்டது. அதோடு மூன்றாவது காரணமும் வலுவிழந்தது.

இதற்கிடையே 64 பைட் அட்டவணைக்கும் முடிவு நெருங்கியது. செக்டார் எண்ணை எழுத அதில் இருப்பது 32 பிட். அதைக் கொண்டு 429 கோடியே சொச்சம் செக்டார்களை எண்ணலாம். செக்டாருக்கு 512 பைட் என்றால் மொத்தம் 2.2 டெராபைட். 3 டெராபைட் தட்டு வாங்கி எம்பிஆர் முறையில் பிரித்தால் மிச்ச இடத்தைக் கணினியால் எண்ணவே முடியாது. இன்டெல் நிறுவனம் இட்டானியம் செயலிக்காக உருவாக்கிய துவக்க முறையின் ஒரு பகுதியாக வந்த ஜிபிடி இதற்குத் தீர்வாக அமைந்தது. வழக்கமாக அதில் 128 வரிகள், வரிக்கு 128 பைட். அட்டவணை தட்டின் தொடக்கத்தில் ஒன்றும் கடைசியில் நகலாக ஒன்றும் இருக்கும். வரிகள் கெட்டுவிட்டனவா என்று சரிபார்க்கும் எண்ணும் உண்டு. எக்ஸ்டெண்டட், லாஜிக்கல் என்ற சுற்றுவழியெல்லாம் இங்கே வேண்டியதில்லை. எம்பிஆரில் பார்ட்டிஷனுக்குப் பெயர் எழுதவே இடம் கிடையாது. ஜிபிடியில் 36 குறியீடுகள் வரை யூனிகோடில் பெயர் எழுதலாம் என்பதால் ‘பாட்டுகள்’ என்று தமிழிலேயே வைக்கலாம். அதற்கு ஒன்பது குறியீடுதான் செலவு. யாரும் வைப்பதில்லை என்பது வேறு விஷயம்.

வீட்டுப் பயனர்களில் பலருக்கு எம்பிஆர், ஜிபிடி என்ற சொற்களே விண்டோஸ் 11 வழியாகத்தான் அறிமுகமாயின. அது, இன்டெல்லின் அந்தத் துவக்க முறையிலிருந்து வளர்ந்த யுஇஎஃப்ஐ முறையில் துவங்கும் கணினியைக் கேட்கிறது, அதற்குத் தட்டு ஜிபிடியாக இருக்க வேண்டும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11க்குத் தகுதியுள்ள வன்பொருள் இருந்தும், தட்டு மட்டும் பழைய முறையில் இருந்ததால் மாற முடியாமல் நின்றவர்கள் உண்டு. கோப்புகளை அழிக்காமல் எம்பிஆரை ஜிபிடியாக்கும் ‘எம்பிஆர்2ஜிபிடி’ என்ற கருவியை மைக்ரோசாஃப்ட் 2017 முதல் விண்டோஸோடு தருகிறது. அதற்கு நிபந்தனைகள் உண்டு. முதன்மைப் பார்ட்டிஷன்கள் மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. லாஜிக்கல் டிரைவ் ஒன்றுகூட இருக்கக் கூடாது. நம் கடைகளில் சி, டி, இ, எஃப் என்று பிரித்துக் கொடுத்த கணினிகளில் சியைத் தவிர மற்றவை பெரும்பாலும் லாஜிக்கல் டிரைவ்கள்தாம். எக்ஸ்பி காலத்துப் பழக்கம் விண்டோஸ் 11இன் வாசலில் வந்து மறித்தது. அவற்றில் உள்ளதை வெளித்தட்டுக்கு மாற்றி, அந்த டிரைவ்களை அழித்த பிறகுதான் கருவி வேலை செய்யும். மாற்றி முடித்ததும் பயாஸ் பக்கத்துக்குப் போய் துவக்க முறையை ‘லெகஸி’யிலிருந்து யுஇஎஃப்ஐக்கு மாற்ற வேண்டும். இதை மறந்தால் விண்டோஸ் துவங்காது.

இனி, நாம் போடாத பார்ட்டிஷன்கள். ஸ்டார்ட் பொத்தானை வலது சொடுக்கி ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ திறந்தால், சி ஒன்று மட்டுமே இருப்பதாக நாம் நினைக்கும் தட்டில் மூன்று கட்டங்கள் வரிசையாகத் தெரியும். முதலில் 100 எம்பி அளவில் ஒரு சிறு கட்டம், ‘இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்’. கணினியைத் துவக்கும் நிரல்கள் அங்கே இருக்கின்றன. அதன் கோப்பு முறைமை இன்னமும் ஃபேட்32தான். அடுத்து நீளமான கட்டமாக சி. வலக்கோடியில் பல நூறு எம்பி அளவில் ‘ரெகவரி பார்ட்டிஷன்’. இவை தவிர ‘மைக்ரோசாஃப்ட் ரிசர்வ்ட்’ என்று 16 எம்பியில் ஒன்று உண்டு, அதை இந்தத் திரை காட்டுவதே இல்லை. ‘இந்தச் சின்னச் சின்னத் துண்டெல்லாம் எதற்கு, அழித்தால் இடம் கிடைக்குமே’ என்று தோன்றும். இஎஃப்ஐயை அழித்தால் மறுநாள் கணினி துவங்காது. அதனால் கிடைக்கும் இடமும் நூறு எம்பிதான்.

ரெகவரி பார்ட்டிஷனின் கதை தனி. 2024 ஜனவரி 9 அன்று விண்டோஸ் 10க்கு கேபி5034441 என்ற பாதுகாப்பு அப்டேட் வந்தது. பிட்லாக்கர் குறியாக்கத்தைத் தாண்டிப்போக வழிவிட்ட ஓட்டை ஒன்றை அடைப்பது அதன் வேலை. ஓட்டை இருந்தது ரெகவரி பார்ட்டிஷனுக்குள் இருக்கும் மீட்புச் சூழலில். அதைப் புதுப்பிக்க அந்தப் பார்ட்டிஷனில் 250 எம்பி காலியிடம் வேண்டும். ஆனால் ஏராளமான கணினிகளில் அந்தப் பார்ட்டிஷனின் மொத்த அளவே அரை ஜிபிதான், அதுவும் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. அப்டேட் திரும்பத் திரும்பத் தோற்றது. திரையில் வந்தது எட்டு இலக்கப் பிழை எண் ஒன்றுதான். ‘உங்கள் பார்ட்டிஷன் சிறியது’ என்று புரியும்படி சொல்லவில்லை. பிட்லாக்கரைப் பயன்படுத்தாதவர்களுக்கும் இதே பிழை வந்தது.

மைக்ரோசாஃப்ட் சொன்ன தீர்வு கட்டளைத் திரையில் செய்ய வேண்டியது. ‘ரீஏஜென்ட்சி’ கட்டளையால் மீட்புச் சூழலை முடக்க வேண்டும். ‘டிஸ்க்பார்ட்’டில் நுழைந்து சியை 250 எம்பி சுருக்க வேண்டும். ரெகவரி பார்ட்டிஷனை அழித்து, பெரிதாக மறுபடி உருவாக்கி, அதற்குரிய வகை எண்ணைத் தட்டச்சு செய்து, பிறகு மீட்புச் சூழலை இயக்க வேண்டும். தட்டு எண்ணையோ பார்ட்டிஷன் எண்ணையோ மாற்றிக் கொடுத்தால் சியே போய்விடும். இப்படியொரு வேலையைச் சாதாரணப் பயனர் தலையில் கட்டியது மைக்ரோசாஃப்டின் பொறுப்பின்மை என்றுதான் சொல்வேன். கணினி உலகத்தையே கட்டியாளும் நிறுவனமும் தன் பார்ட்டிஷனுக்குத் தேவையான இடத்தைச் சரியாக ஊகிக்கவில்லை என்பதையும் இதில் கவனிக்க வேண்டும். ஐநூறு எம்பி போதும் என்று அன்று நினைத்தார்கள், போதவில்லை.

சரி, சி நிரம்பியவர் என்ன செய்யலாம்? பார்ட்டிஷனில் கைவைக்கும் முன் சியில் வேண்டாதது எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 16 ஜிபி ராம் உள்ள கணினியில் ஹைபர்நேஷன் கோப்பு மட்டும் ஆறு ஜிபிக்கு மேல் பிடித்திருக்கும். அந்த வசதியைப் பயன்படுத்தாதவர் அதை நிறுத்திவிடலாம். பெரிய அப்டேட்டுக்குப் பின் ‘விண்டோஸ் ஓல்ட்’ என்ற ஃபோல்டர் பல ஜிபியோடு சில நாள் தங்கும். விளையாட்டுகளையும் வீடியோக்களையும் டிக்கு மாற்றலாம். பாதிப் பேருக்கு இதிலேயே பிரச்சினை தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம்.

தீராதவர்கள் டிஸ்க் மேனேஜ்மென்டுக்குத்தான் வர வேண்டும். 2007இல் வீடுகளுக்கு வந்த விஸ்டா முதல், பார்ட்டிஷனை அழிக்காமலே சுருக்கவும் நீட்டவும் விண்டோஸிலேயே வசதி இருக்கிறது. டியை வலது சொடுக்கி ‘ஷ்ரிங்க் வால்யூம்’ கொடுத்து நூறு ஜிபி சுருக்குகிறார்கள். கறுப்புத் தலைப்போடு ‘அன்அலகேட்டட்’ என்ற கட்டம் உருவாகிறது. மகிழ்ச்சியோடு சியை வலது சொடுக்கினால் ‘எக்ஸ்டெண்ட் வால்யூம்’ மங்கலாகக் கிடக்கிறது, அழுத்த முடியவில்லை. எல்லோரும் முட்டிக்கொண்டு நிற்கும் இடம் இதுதான். ஷ்ரிங்க் எப்போதும் பார்ட்டிஷனின் வலக்கோடியிலிருந்துதான் இடத்தை எடுக்கும். ஆகவே புதிய காலியிடம் டிக்கு அந்தப் பக்கம் விழுகிறது. எக்ஸ்டெண்டோ, தனக்கு வலப்பக்கம் ஒட்டியிருக்கும் காலியிடத்தை மட்டுமே சேர்த்துக்கொள்ளும். சிக்கும் காலியிடத்துக்கும் நடுவே டி உட்கார்ந்திருக்கிறது. விண்டோஸின் சொந்தக் கருவிக்கு டியை நகர்த்தத் தெரியாது.

டியில் உள்ளதை வெளித்தட்டுக்கு எடுத்துவிட்டு, டியை முழுதாக அழித்து, சியை நீட்டி, மிச்சத்தில் புதிய டியை உருவாக்குவதே எளிய வழி. இடையில் ரெகவரி பார்ட்டிஷன் இருந்தால் மேலே சொன்ன கட்டளைத் திரை வேலை தப்பாது. டியை அழிக்காமல் அப்படியே வலப்பக்கம் நகர்த்த வேண்டுமென்றால் ஜிபார்ட்டட் போன்ற கருவி வேண்டும். தொண்ணூறுகளில் பவர்குவெஸ்ட் நிறுவனத்தின் பார்ட்டிஷன் மேஜிக் இந்த வேலையைச் செய்தபோது அதன் பெயருக்கேற்ப வித்தையாகவே பார்த்தார்கள். சைமன்டெக் நிறுவனம் 2003இல் அதை வாங்கியது, சில ஆண்டுகளில் அது வழக்கொழிந்தது. இலவச ஜிபார்ட்டட் இன்றும் நிற்கிறது. பென்டிரைவில் ஏற்றி, விண்டோஸ் இயங்காத நிலையில் துவக்கி, எல்லையை இழுத்துவிட வேண்டியதுதான். ஆனால் ஒரு பார்ட்டிஷனின் தொடக்கத்தை நகர்த்துவதென்றால் அதற்குள் உள்ள அத்தனை தரவையும் ஒவ்வொரு துண்டாகப் புதிய இடத்துக்கு எழுத வேண்டும். முந்நூறு ஜிபி என்றால் சுழலும் தட்டில் மணிக்கணக்கில் ஆகும். நடுவில் மின்சாரம் போனால் பாதி பழைய இடத்திலும் பாதி புது இடத்திலுமாக டி சிதறிக் கிடக்கும். யுபிஎஸ் இல்லாமல், நகல் எடுக்காமல் இதில் இறங்கக் கூடாது. நகல் எடுத்தாயிற்று என்றால் பிறகு நகர்த்துவதைவிட அழித்துப் போடுவதே வேகம்.

ஷ்ரிங்க் சில நேரம் கேட்ட இடத்தைத் தராது. சியில் இருநூறு ஜிபி காலியாக இருக்க, இருபது ஜிபிக்குமேல் சுருக்க முடியாது என்று சொல்லும். பேஜ் கோப்பு, ஹைபர்நேஷன் கோப்பு, சிஸ்டம் ரெஸ்டோர் வைத்திருக்கும் நகல்கள் போன்ற நகர்த்த முடியாத கோப்பு ஒன்று வழியில் கிடப்பதுதான் காரணம். அவற்றைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, கணினியை மறுதுவக்கம் செய்து முயன்றால் பெரும்பாலும் வழிவிடும்.

வேகத்துக்காகப் பிரிக்க வேண்டும் என்பாரும் உண்டு. சுழலும் தட்டில் அது உண்மையாக இருந்தது. தட்டின் வெளி விளிம்பில் ஒரு சுற்றில் கூடுதல் தரவு அடங்கும். எண்ணிக்கை தொடங்குவதும் வெளிப்பக்கத்திலிருந்துதான். ஆகவே முதலில் வரும் சி வேகமானது, கடைசி டிரைவ் மெதுவானது. எஸ்எஸ்டியில் இந்தக் கணக்கு செல்லாது. தேய்மானத்தைச் சமமாகப் பரப்புவதற்காக அதன் உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு தரவைச் சில்லுகள் முழுக்கச் சிதறடிக்கிறது. சியில் இருக்கும் கோப்பும் டியில் இருக்கும் கோப்பும் ஒரே சில்லில் அடுத்தடுத்து இருக்கலாம். 256 ஜிபி எஸ்எஸ்டியை மூன்றாகப் பிரித்துக் கேட்பவருக்கு வேகமும் கிடைக்காது, பாதுகாப்பும் கிடைக்காது. இடநெருக்கடி மட்டும் மூன்று இடத்தில் வரும். பிரிக்கும்போது சிலர் இன்னொன்றைப் பார்த்துப் பதறுவார்கள்: 500 ஜிபி வாங்கினேன், 465தான் காட்டுகிறது. எதுவும் குறையவில்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது.

இரண்டு இயங்குதளம் வைத்துக்கொள்பவர்களுக்கு மட்டும் 1983இன் காரணம் இன்றும் உயிரோடு இருக்கிறது. 2011இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. கிராமத்துப் பள்ளிகளில் படித்த பல பிள்ளைகள் முதன்முதலில் பார்த்த கணினித் திரையே ‘எதில் துவங்க வேண்டும்’ என்று கேட்டிருக்கும். லினக்ஸ் வேண்டாம் என்று விண்டோஸிலிருந்தபடியே அந்தப் பார்ட்டிஷனை அழித்தவர்களுக்கு மறுநாள் கறுப்புத் திரையில் ‘க்ரப் ரெஸ்க்யூ’ என்ற வாசகம் மட்டுமே தெரியும். துவக்கப் பட்டியலைக் காட்டும் நிரலின் கோப்புகள் இருந்தது அழித்த பார்ட்டிஷனில். துவக்கும் பொறுப்பை முதலில் விண்டோஸுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிறகுதான் லினக்ஸை அழிக்க வேண்டும். இன்றும் அதே வரிசைதான். புதிதாக லினக்ஸ் போடுகிறவர் சியை விண்டோஸிலிருந்து சுருக்கி, காலியிடத்தை அப்படியே விட்டு, லினக்ஸ் நிறுவியிடம் ஒப்படைப்பது நல்லது. விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதியையும் நிறுத்திவிட வேண்டும். அது இயங்கினால் விண்டோஸ் முழுதாக மூடாமல் உறங்கப்போகிறது. அந்த நிலையில் லினக்ஸிலிருந்து அந்தப் பார்ட்டிஷனில் எழுதினால் கோப்புகள் கெடும்.

லினக்ஸ் உலகத்திலும் ரூட், ஹோம், ஸ்வாப் என்று தனித்தனியே பிரிக்கும் பழைய வழக்கம் தளர்ந்துவிட்டது. உபுண்டு 17.04 முதல் ஸ்வாப்புக்குத் தனிப் பார்ட்டிஷனை விட்டுக் கோப்புக்கு மாறியது. ஆப்பிள் 2017இல் கொண்டுவந்த ஏபிஎஃப்எஸ் முறையில் ஒரே கொள்கலனுக்குள் பல வால்யூம்கள் இருக்கும், காலியிடம் எல்லோருக்கும் பொது. எதற்குத் தேவையோ அது எடுத்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டு 10இலும் சிஸ்டம் பார்ட்டிஷன்களின் அளவை அப்டேட்டின்போது மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு வந்துவிட்டது. முதல் நாள் ஊகம் பொய்க்கும் என்பதைத் தொழில்நுட்பமே ஒப்புக்கொண்டு, கோட்டை நகரக்கூடியதாக மாற்றிவிட்டது. விண்டோஸில் வீட்டுப் பயனரின் சி மட்டும் இன்னும் 1983இன் நேர்க்கோட்டில் நிற்கிறது.

எனவே, 512 ஜிபி எஸ்எஸ்டி உள்ள மடிக்கணினியை ஒருவர் கொண்டுவந்து எத்தனை டிரைவ் போடலாம் என்று கேட்டால், சி மட்டும் போதும் என்பேன். விண்டோஸ் தானாகப் போட்டவற்றைத் தொட வேண்டாம். எஸ்எஸ்டியோடு தனியாக ஒரு சுழலும் தட்டும் இருந்தால் அது டி, அதிலும் ஒரே பார்ட்டிஷன். சோதனைக்கென்று விண்டோஸை அடிக்கடி மாற்றுபவர், இரண்டு இயங்குதளம் வைத்திருப்பவர், ஒரு பகுதியை மட்டும் குறியாக்கம் செய்ய நினைப்பவர் ஆகியோருக்குத் தனி டிரைவ் நியாயம். அப்போதும் சிக்கு நூற்றைம்பது, இருநூறு ஜிபி என்று தாராளமாக விட வேண்டும். விண்டோஸ் 11 குறைந்தது 64 ஜிபி கேட்கிறது என்பதால் சியை நூறு ஜிபியில் நிறுத்தினால், இந்தக் கட்டுரையின் முதல் பத்தியில் உள்ள நிலைமைக்கு ஓராண்டில் வந்துவிடலாம்.

எந்த மாற்றத்துக்கும் முன் நகல் ஒன்றை வேறொரு தட்டில் எடுத்தாக வேண்டும். பிட்லாக்கர் இயங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். 2024இன் விண்டோஸ் 11 பதிப்பை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாக நிறுவிய கணினிகளில் குறியாக்கம் தானாகவே இயங்கியிருக்கக்கூடும், பயனருக்குத் தெரியாமல்கூட. பார்ட்டிஷன் மாறியதும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டுத் திரை நீலமாக நிற்கும். எண் இல்லாவிட்டால் உள்ளே போக வழியே கிடையாது. முதலில் எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு, பிட்லாக்கரை இடைநிறுத்திவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

தவறுதலாகப் பார்ட்டிஷன் அழிந்துவிட்டால், அழிந்தது சுழலும் தட்டிலா எஸ்எஸ்டியிலா என்று முதலில் பார்க்க வேண்டும். சுழலும் தட்டு என்றால் அதில் புதிதாக எதையும் எழுதாமல், ஃபார்மட் கேட்கும் பெட்டியில் ‘ஓகே’ கொடுக்காமல், கணினியை அணைத்துவிட வேண்டும். வேறொரு கணினியில் அந்தத் தட்டை இணைத்து, டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச நிரலை ஓட்டினால், ஒவ்வொரு பார்ட்டிஷனும் விட்டுச்சென்ற தடயங்களைத் தேடிப் பிடித்து அட்டவணையில் அந்த வரியைத் திரும்ப எழுதிக் கொடுக்கும். என்டிஎஃப்எஸ் தன் துவக்க செக்டாரின் நகல் ஒன்றைப் பார்ட்டிஷனின் கடைசியில் வைத்திருப்பது இதற்குத் துணை. எஸ்எஸ்டி என்றால் நிலைமை வேறு. பார்ட்டிஷனை அழிக்கும்போதும் ஃபார்மட் செய்யும்போதும் ‘இந்த இடம் இனி வேண்டாம்’ என்ற டிரிம் கட்டளையை விண்டோஸ் அனுப்பிவிடுகிறது. எஸ்எஸ்டி அந்த இடத்தைத் தன் வசதிப்படி உண்மையாகவே துடைத்துவிடும். அதற்குப் பிறகு எந்த மீட்பு மென்பொருளை விலைகொடுத்து வாங்கினாலும் பெரும்பாலும் காலி செக்டார்களைத்தான் காட்டும். வெளித்தட்டில் எடுத்துவைத்த நகல் இருந்தால் அதிலிருந்து திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.